தானப் பத்திரத்தில் பூங்காவும் உண்டு, தெருவும் உண்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்னையின் தெற்குப் புறநகரில், ஆறு தெருக்கள் கொண்ட ஒரு நகரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். அதில் பதினோரு ஆண்டுகள் அங்குள்ள குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். சங்கங்களும் உள்ளாட்சியும் என்ற பொருளில் பேசுமாறு நிலையத்தார் அழைத்தபோது, சட்டங்களை வரிசையாகச் சொல்வதைவிட ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. எங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் அது. நீல அச்சு, எட்டாக மடித்தது, மடிப்புகள் கிழியாமலிருக்கப் பின்பக்கம் மல்துணி ஒட்டியிருந்தது. மூன்றாம் தெருவில் முதன்முதலாக வீடு கட்டிய ஆசிரியர் ஒருவரின் மனைவி, கணவர் காலமான பிறகும் அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து இரும்புப் பீரோவில் வைத்திருந்தார். அந்தக் காகிதம் எங்கள் சங்கத்துக்கு இரண்டு முறை வழி சொன்னது. முதல் முறை எங்களுக்குச் சாதகமாக. இரண்டாம் முறை எங்களுக்கு எதிராக.

எங்கள் நகரின் வடக்கு மூலையில், சீமைக் கருவேலம் மண்டிய ஒரு காலியிடம் இருந்தது. ‘பார்க் இடம்’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் அதைப் பூங்காவாக்க யாரும் முயன்றதில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால், அந்த இடத்தைச் சுற்றிக் கல் ஊன்றி முள்கம்பி இழுத்திருந்தார்கள். பதினைந்து பேர் ஒன்றாகச் சேர்ந்து உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அலுவலர் மரியாதையாகவே கேட்டார்: “அது பூங்கா இடம் என்பதற்கு உங்களிடம் என்ன ஆவணம் இருக்கிறது?” எல்லோருக்கும் தெரியும் என்றோம். எல்லோருக்கும் தெரிந்ததைக் கோப்பில் வைக்க முடியாது என்றார் அவர். அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்விதான் என்பதை வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்தேன்.

ஒரு பெரிய நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்க அனுமதி வாங்கும்போது, அதன் உரிமையாளர் தெருக்களையும், பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தையும் பதிவு செய்யப்பட்ட தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் என்றால், சாலை போக எஞ்சிய பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒப்படைத்தே ஆக வேண்டும். ஆனால் பழைய மனைப்பிரிவுகள் பலவற்றில் வரைபடத்தில் பூங்கா என்று பச்சை மை தீட்டியதோடு காரியம் நின்றுவிட்டது. தானப் பத்திரம் பதிவாகவில்லை. அல்லது பத்திரம் பதிவாகியும் பட்டா மாற்றப்படவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, பழைய உரிமையாளரின் வாரிசுகள் தங்கள் தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எல்லோரும் ஏமாற்ற வருவதாகச் சொல்ல மாட்டேன். அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே அந்த இடத்தின் கதை தெரியாது. அதனால்தான் அங்கீகார வரைபடம், தானப் பத்திரம், பட்டா ஆகிய மூன்றையும் சங்கம் முள்கம்பி வருவதற்கு முன்பே தேடி வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

மூன்றாம் தெரு அம்மா அந்த வரைபடத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். வலது மூலையில் அங்கீகார எண்ணும் தேதியும் இருந்தன. அந்த எண் கிடைத்ததும் மற்றவை எளிதாகிவிட்டன. அதைக் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒரு பக்க மனு போட்டோம். 30 நாட்களுக்குள் தர வேண்டிய பதிலுக்கு மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது. சார் பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில் தானப் பத்திரத்தின் எண்ணும் கிடைத்தது. எட்டு மாதம் கழித்து முள்கம்பி அகற்றப்பட்டது. இதற்காக நாங்கள் மறியல் செய்யவில்லை. ஒவ்வொரு முறை அலுவலகம் போய் வந்ததும், யாரைப் பார்த்தோம், என்ன கொடுத்தோம், என்ன சொன்னார்கள் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதினோம், அவ்வளவுதான். அலுவலர் மாறினாலும் அந்தப் புத்தகம் மாறவில்லை.

இத்தகைய இடங்களுக்காகக் குடியிருப்பவர்கள் வழக்காடலாமா, அவர்களுக்கு அந்தத் தகுதி உண்டா என்ற ஐயம் பலருக்கு இருக்கிறது. பெங்களூரின் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்காக ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது, அப்பகுதியில் குடியிருந்தவர்களே நீதிமன்றம் போனார்கள். முதலில் தனி நீதிபதியிடம் தோற்றார்கள். பிறகு இரு நீதிபதிகள் அமர்வில் வென்றார்கள். 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதி செய்தது. மருத்துவமனையும் மக்களுக்குத் தேவையானதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. அப்பகுதியில் வாழ்பவர்கள் பூங்காவுக்காகக் கேட்க உரிமை உடையவர்கள் என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. முதலமைச்சரின் உத்தரவே இருந்தும் அது செல்லவில்லை என்பதை எங்கள் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

இனி இரண்டாவது சம்பவத்துக்கு வருகிறேன். பூங்கா இடம் மீண்ட இரண்டு ஆண்டுகளில், ஒரே மாதத்தில் எங்கள் தெருக்களில் இரண்டு இருசக்கர வாகனங்கள் திருடு போயின. கோலம் போட வாசலுக்கு வந்த ஒரு பெண்மணியின் கழுத்திலிருந்த சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனார்கள். பயம் வந்துவிட்டது. அவசரக் கூட்டம் போட்டு, முதல் தெருவின் நுழைவிலும் ஆறாம் தெருவின் முடிவிலும் இரும்புக் கதவு போட்டு, இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை பூட்டுவது என்று தீர்மானித்தோம். நானும் கை தூக்கினேன். கதவுகளும் வந்துவிட்டன.

ஆறாம் தெருவைத் தாண்டி இருப்பது ஒரு பழைய குடியிருப்பு. எங்கள் வீடுகள் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் சிறிய ஓட்டு வீடுகள். எங்கள் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள், பால் போடுபவர், இரவுப் பணி முடிந்து வரும் செவிலியர்கள் இருவர் எனப் பலரும் பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். கதவு பூட்டிய பிறகு அவர்கள் ஏரிக்கரையோரம், விளக்கில்லாத பாதையில் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. எங்கள் பாதுகாப்புக்காக நாங்கள் போட்ட கதவு, அவர்களைப் பாதுகாப்பில்லாத வழிக்குத் தள்ளியது. இதை எங்களில் யாரும் முதலில் கேட்கவில்லை. அவர்களும் வந்து சொல்லவில்லை. எங்களிடம் வந்து சொல்லலாம் என்று அவர்களுக்குத் தோன்றாமல் போனதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அடுத்த பொதுக்குழுவுக்கு மூன்றாம் தெரு அம்மா மறுபடியும் அந்த வரைபடத்தை எடுத்து வந்தார். மேசைமேல் விரித்து, பூங்காவைத் தொட்டுவிட்டு, விரலை அப்படியே தெருவின்மேல் நகர்த்தினார். “தம்பி, இதுவும் அதே பத்திரத்தில்தானே எழுதிக் கொடுத்தது? பார்க்கை அடைத்தபோது அது பொது இடம் என்றோம். இப்போது தெருவை நாம் அடைக்கலாமா?” என்று கேட்டார். கூட்டம் சில நிமிடங்கள் பேசவில்லை. தானப் பத்திரத்தில் பூங்காவுக்கு முந்தைய வரியிலேயே ஆறு தெருக்களின் நீளமும் அகலமும் எழுதப்பட்டிருந்தன. முள்கம்பிக்காரரிடம் நாங்கள் காட்டிய அதே பக்கம் அது.

கதவை அகற்றும் தீர்மானம் எளிதில் நிறைவேறவில்லை. சங்கிலியைப் பறிகொடுத்தவரின் கணவர், “உங்கள் வீட்டில் நடந்திருந்தால் இப்படிப் பேசுவீர்களா?” என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் கதவை மட்டும் எடுப்பது நேர்மையாகாது. எனவே திருட்டு நடந்த இடங்களை வரைபடத்தின் நகல் ஒன்றில் குறித்தோம். மூன்றுமே எரியாத விளக்குக் கம்பங்களுக்கு அருகில் நடந்திருந்தன. கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால்தான் தெருவிளக்குப் புகார் நகரும் என்பதை அப்போதுதான் கற்றோம். ‘எங்கள் தெருவில் இருட்டாக இருக்கிறது’ என்ற மனு எங்கும் போகாது. இன்ன எண்ணுள்ள கம்பம், இன்ன தேதியிலிருந்து எரியவில்லை என்று எழுத வேண்டும். விளக்கு உள்ளாட்சியினுடையது, தாழத் தொங்கும் கம்பி மின்வாரியத்தினுடையது, ஏரிக்கரை நீர்வளத் துறையினுடையது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமலே பாதிப் புகார்கள் செத்துப்போகின்றன. அடுத்து, காவல் நிலையத்தில் பேசி, ரோந்துக் காவலர் இரவில் வந்து கையெழுத்திடும் புத்தகத்தை ஆறாம் தெருவின் முடிவில் வைக்கச் செய்தோம். பூட்டிய வீடுகளின் பட்டியலை அதில் செருகி வைத்தோம்.

கண்காணிப்புக் கேமராவும் வைத்தோம். திருடு போன பிறகு ஆளைக் கண்டுபிடிக்க அது உதவும். இருட்டான தெருவில் நடந்து வரும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் அது துணையாகாது. மேலும், பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று எழுதி வைக்காத சங்கத்தில், யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது வாட்ஸ்அப் குழுவில் பேச்சாகிவிடும். காவல் துறை எழுத்து மூலம் கேட்டால் ஒழிய எவருக்கும் காட்டுவதில்லை என்று நாங்கள் தீர்மானம் போட்டிருக்கிறோம். யாருக்கு வீட்டை வாடகைக்கு விடலாம், யாருக்கு விடக்கூடாது என்றுகூடச் சில சங்கங்கள் தீர்மானம் போடுவதாகக் கேள்விப்படுகிறேன். அதற்கான அதிகாரம் எந்தச் சங்கத்துக்கும் கிடையாது. ஏழு பேர் சேர்ந்து, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்ளும் அமைப்பு சங்கம், அது அரசாங்கமல்ல. சொந்த வீட்டுக்காரர் மட்டுமே உறுப்பினர் என்றிருந்த எங்கள் துணைவிதியையும் கதவை அகற்றத் தீர்மானித்த அதே ஆண்டில் திருத்தினோம். வாடகைக்கு இருப்பவர்களும் அதே இருட்டில்தான் நடக்கிறார்கள்.

அந்த வரைபடம் எங்களைக் கடைசியாகக் கொண்டுபோய் நிறுத்தியது எங்கள் சொந்த வாசலில். தெருவின் அகலம் அதில் முப்பது அடி. நாடா பிடித்து அளந்தால் பல இடங்களில் இருபத்து மூன்று அடிதான் இருந்தது. மீதி எங்கே? கார் ஏற்றும் சாய்தளம், செடி வளர்க்கக் கட்டிய பாத்தி, படிக்கட்டு. என் வீட்டுச் சாய்தளம் மட்டும் இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில் மழைநீர் வடிகாலின் வாய் அடைபட்டிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வடிய நான்கு நாள் ஆனதற்கு ஏரியையும் அரசையும் மட்டும் குற்றம் சொன்னவன் நான். இடித்தேன். மற்றவர்களையும் இடிக்கச் சொல்ல அதன் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலுக்கு மேல் தார் போட்டே சாலையை உயர்த்தியதால், மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்குள் இன்று ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் பலர் சாய்தளத்தை வெளியே நீட்டினார்கள். அப்படிச் சுரண்டி எடுக்கும் ‘மில்லிங்’ செய்யாமல் சாலை போட வந்தால் ஏன் என்று கேட்கும் உரிமை சங்கத்துக்கு உண்டு. தன் பங்கு அத்துமீறலை எடுத்துவிட்ட சங்கம் கேட்டால், அந்தக் கேள்விக்கு எடை கூடுகிறது.

இவற்றையெல்லாம் பேசுவதற்கு இப்போது ஓர் இடம் இருக்கிறது. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோதே, மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு அமைய வேண்டும் என்றது. நம் மாநிலத்தில் வார்டு குழுவுக்கும் அதன் கீழ் வரும் ‘பகுதி சபை’க்கும் விதிகள் வந்தது 2022இல். கிராம சபையைப் போலவே, பகுதி சபையில் அந்தப் பகுதியின் வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம். சங்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அதனால் சங்கங்கள் சில இதைத் தங்களுக்குப் போட்டியாகக் கருதி ஒதுங்கி நிற்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் தனியாக நின்று சொல்வதை, அலுவலர்களும் ஓட்டு வீட்டுக்காரர்களும் கேட்கும்படி சபையில் சொல்வதே முறை. பேசிய பிறகு, அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்து நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சென்ற முறை எங்கள் பகுதி சபையில் ஏரிக்கரைப் பாதைக்கு விளக்குக் கேட்டு ஒரு கோரிக்கை வைக்கப்பட்டது. வைத்தவர் சங்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஓட்டு வீடுகளில் குடியிருக்கும் செவிலியர் ஒருவர். எங்கள் வரைபடத்தின் நகலை அவர் கையில் கொடுத்திருந்தோம். பாதையில் எங்கெங்கே கம்பம் வேண்டும் என்று சிவப்பு மையில் ஏழு இடங்களைக் குறித்து வந்திருந்தார். அவற்றில் ஐந்து கம்பங்கள் நட்டாகிவிட்டன. மீதி இரண்டுக்கும் மனு கொடுத்த தேதி எங்கள் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது.

நன்றி. வணக்கம்.