கரைவலை இழுப்பவரின் குதிக்கால்

(அனிமேசன் படிக்க விரும்பும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

அனிமேசன் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, எந்தக் கணினி வாங்குவது என்பது. அடுத்தது, எந்த மென்பொருள் என்பது. இரண்டையும் இங்கேயே முடித்துவிடுவோம். புளெண்டர், கிரிட்டா, ஓப்பன்தூன்ஸ் மூன்றும் இலவசம். தொடக்கத்துக்கு அவற்றில் ஒன்று போதும். வீட்டில் இருக்கிற கணினியில் அது ஓடினால் புதிது வேண்டாம். கடன்பட்டு வாங்கிய கணினியில் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக விழவைக்க முடியாமல் இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்குக் குறைவது காசு அல்ல, கணக்கு.

எனவே பந்திலிருந்து தொடங்குவோம். திரைப்படத்தில் ஒரு செக்கனுக்கு 24 பிரேம், அதாவது திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் 24 படச்சட்டம். ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் செக்கனுக்கு 12 படம் வரைந்தால் போதும். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரு பந்தை ஏறத்தாழ 1.2 மீற்றர் உயரத்திலிருந்து விட்டால் அரைச் செக்கனில் நிலத்தைத் தொடும். அதாவது 12 பிரேம், 6 படம். இந்த ஆறு படத்திலும் பந்து சம தூரம் இறங்காது. இடைவெளிகள் 1, 3, 5, 7, 9, 11 என்ற விகிதத்தில் வளரும். கூட்டினால் 36. 122 சென்ரிமீற்றரை 36ஆல் வகுத்தால் ஒரு பங்கு சுமார் 3.4 சென்ரிமீற்றர். ஆகவே முதல் படத்தில் 3.4 சென்ரிமீற்றர் மட்டும் இறங்கும் பந்து, கடைசிப் படத்தில் 37 சென்ரிமீற்றர் பாய்கிறது. புதிதாகப் படிப்பவர் இடைவெளிகளைச் சமமாக வைப்பார். பந்து விழாமல் மிதக்கும். நிறத்தை மாற்றுவார், நிழல் போடுவார், அப்போதும் மிதக்கும்.

துள்ளலிலும் இதே கணக்குத்தான். உயரம் நான்கில் ஒன்றானால் நேரம் பாதியாகும். 12 பிரேமில் விழுந்த பந்து கால்வாசி உயரத்துக்கு எழும்பினால் ஏற 6 பிரேம், இறங்க 6 பிரேம். எல்லாத் துள்ளலுக்கும் ஒரே நேரம் கொடுப்பது அடுத்த பொதுப் பிழை. புளெண்டரில் இன்னொரு பொறியும் உண்டு. இரண்டு கீக்களுக்கு (பொருளின் நிலையை நீங்கள் குறித்துவைத்த பிரேம்களுக்கு) இடையே அது தானாகவே மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் வளைவைப் போட்டுவிடும். உச்சியில் அது சரி. நிலத்தைத் தொடும் இடத்தில் பந்து தயங்கித் தயங்கி இறங்குவதுபோல் ஆகிவிடும். அசைவை வளைவாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் அந்தக் கீயைத் தெரிவுசெய்து, வி விசையை அழுத்தி வெக்டர் என மாற்றுங்கள். வளைவு அங்கே கூர்முனையாக முறிய வேண்டும்.

பந்து வசப்பட்ட பிறகு பாரம். இதற்கு நம் ஊரைவிட நல்ல வகுப்பறை கிடையாது. வாடைக்காலம் முடிந்து கடல் அடங்கிய மாதங்களில் நிலாவெளிப் பக்கம் விடியற்காலையில் போங்கள். கரைவலை இழுப்பார்கள். உழவு இயந்திரத்தில் கட்டி இழுக்கும் இடத்தில் நிற்காதீர்கள், அது நமக்குப் பாடம் ஆகாது. ஆட்கள் இழுக்கும் இடமாகப் பார்த்து, அவர்களுடைய கைகளை விட்டுவிட்டுக் குதிக்காலைப் பாருங்கள். முதலில் உடல் ஒரு கணம் முன்னே தளர்கிறது, அது ஆயத்தம். பிறகு குதிக்கால் மணலில் புதைகிறது. அடுத்து இடுப்பு பின்னே போகிறது. இடுப்பைத் தொடர்ந்து மார்பு, பிறகு தோள். கை அதுவரை நீட்டியபடியே இருக்கும், தலை எல்லாவற்றுக்கும் பிந்தி வரும். மாணவர் வரையும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது: முழங்கை முதலில் மடங்குகிறது, உடல் பின்னால் வருகிறது. அப்போது கயிற்றின் மறுமுனையில் வலை இருப்பதாகத் தெரிவதில்லை, பட்டம் இருப்பதாகத் தெரிகிறது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கயிறு இருக்கும் லேயரை (அடுக்கை) மறைத்துவிட்டுப் பாருங்கள். கயிறு இல்லாவிட்டால் அந்த மனிதர் மல்லாந்து விழ வேண்டும். விழாமல் சமநிலையில் நின்றால் உங்கள் படத்தில் பாரம் இல்லை. அவருடைய உடலின் பாரமையம் குதிக்காலுக்குப் பின்னே இருக்க வேண்டும். அவரைத் தாங்குவது கயிற்றின் இழுவைதான். தொடங்குவதற்கு ஆயத்தம் 8 பிரேம், இழுப்பு 16 பிரேம், தளர்ந்து அடங்க 8 பிரேம் என்று போட்டுப் பாருங்கள். பிறகு வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டு கேட்கும் இடமென்றால் ஒலியைப் பதிவுசெய்து, ஒரு தாளத்திலிருந்து அடுத்ததற்கு எத்தனை பிரேம் என்று எண்ணித் திருத்துங்கள். பாட்டு அங்கே பொழுதுபோக்குக்கு இல்லை. பலர் ஒரே பிரேமில் பாரம் கொடுக்க வேண்டும் என்பதற்காக இருக்கிறது. ஆனால் உங்கள் படத்தில் ஆறு பேரையும் அச்சாக ஒரே பிரேமில் அசைத்தால் பொம்மை வரிசையாகிவிடும். ஒருவருக்கு ஒருவர் 1 அல்லது 2 பிரேம் முன்பின் வையுங்கள்.

கோட்டையடி மான்களை எல்லோரும் போனில் எடுத்திருப்பீர்கள். படிக்கிற பிள்ளை எடுக்க வேண்டியது பக்கவாட்டில், போனை அசைக்காமல், நான்கு குளம்பும் தெரியும்படி. மான் நடக்கும்போது கால் வைக்கும் வரிசை: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். குறுக்கே இருக்கும் கால்களைச் சோடியாக அசைத்தால் அது நடை இல்லை, பெருநடை என்ற மெல்லோட்டமாகிவிடும். பின்னங்காலில் பின்பக்கம் மடிவதாகத் தெரியும் மூட்டு முழங்கால் அல்ல; அது நம் குதிக்கால் இருக்கும் மூட்டு. உண்மையான முழங்கால் மேலே வயிற்றோரம் இருக்கிறது. மானுக்குக் காறை எலும்பு கிடையாது. அதனால் முன்னங்கால் பாரத்தை ஏற்கும்போது தோள்பட்டை முதுகுக் கோட்டை நோக்கி எழும். இந்தச் சிறு எழுச்சியை விட்டால் மேசைக்குக் கால் முளைத்ததுபோல் இருக்கும். புள்ளிகளைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். அவற்றை ஒவ்வொரு படத்திலும் திரும்ப வரைய வேண்டிவரும்போது நீங்களே அழுவீர்கள்.

கண் மட்டும் போதாது என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் ஓடும் குதிரையைத் தொடர் படங்களாகப் பிடித்தார். நான்கு காலும் நிலத்தை விடும் கணத்தில் அவை விரிந்திருக்கவில்லை, வயிற்றுக்கடியில் கூடியிருந்தன. அதுவரை ஓவியர்கள் பெரும்பாலும் கால்களை முன்னும் பின்னும் விரித்தே வரைந்திருந்தார்கள்.

போனில் எடுத்த காணொளியைக் கணினியில் போடும்போது ஒரு சிக்கல் வரும். பெரும்பாலான போன்கள் செக்கனுக்கு 30 பிரேம் எடுக்கும். அதை 24 பிரேம் திட்டத்தில் பின்னணிப் படமாகப் போட்டால் புளெண்டர் பிரேமுக்குப் பிரேம் ஓட்டும். ஒரு செக்கன் 1.25 செக்கனாக நீளும், உங்கள் மான் சோம்பேறியாகிவிடும். அத்துடன் சில போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆகவே முதலில் ஹேன்ட்பிரேக் போன்ற இலவசச் செயலியில் நிலையான 24 பிரேமுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாதி வழியில் திட்டத்தின் பிரேம் வேகத்தை மாற்றாதீர்கள். போட்ட கீக்கள் எல்லாம் அதே எண்ணில் நிற்கும், நேரம் மட்டும் மாறிவிடும்.

அடுத்தது பேச்சு. நம் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இது. எந்த ஒலிக்கு எந்த வாய் வடிவம் என்று காட்டும், இணையத்தில் கிடைக்கும் வாய் அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கானவை. தமிழுக்கு உங்களுக்கு வேண்டியது தொல்காப்பியத்தின் பிறப்பியலில் இருக்கிறது. இதழ் இரண்டும் சேர்ந்தால் ப, ம. மேற்பல்லும் கீழிதழும் சேர்ந்தால் வ. அ, ஆ வாய் திறப்பு; இ, ஈ, எ, ஏ விரிவு; உ, ஊ, ஒ, ஓ குவிவு. ட, ண, ள, ழ எல்லாம் நாக்கு உள்ளே மடியும் ஒலிகள், வெளியே தெரியும் வடிவம் அவற்றுக்கு இல்லை. பக்கத்து உயிரின் வாயையே தொடரவிடுங்கள். உயர்தரத்தில் தமிழ் எடுத்தவர்கள் இங்கே சித்திரம் எடுத்தவர்களை முந்தலாம்.

கவனிக்க வேண்டிய இடம் குற்றியலுகரம். காடு, பாட்டு, வந்து என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உங்கள் இதழ் குவிவதில்லை. பூ என்றால் குவிகிறது. எழுத்தைப் பார்த்து வாய் போடுபவர்கள் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் இதழைக் குவித்துவிடுவதால், பாத்திரம் வரிக்கு வரி முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். எழுத்தை விட்டு ஒலியைக் கேளுங்கள். இரட்டித்த ஒலியிலும் கவனம் வேண்டும்: மாமா என்பதன் நடு மகரத்துக்கு மூடிய வாய் 2 பிரேம் போதும், அம்மா என்பதற்கு 4 வரை பிடியுங்கள். வாய் மூடுவது ஒலிக்கு ஒரு பிரேமாவது முந்த வேண்டும். எல்லா எழுத்துக்கும் வாயை மாற்றவும் கூடாது. வேகமாகப் பேசும்போது வாய் துடிக்கும். மூடும் ஒலிகளையும் அழுத்தமான உயிர்களையும் பிடித்தால் மற்றவற்றைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார்.

பிடித்த படத்தை இருபது தரம் பார்த்து அதே கண்ணையும் முடியையும் வரைவதை உந்துதல் என்று பலர் நினைக்கிறார்கள். அது இன்னொருவர் பார்த்ததை நீங்கள் படியெடுப்பது. அந்தப் படத்தையே வேறு விதமாகப் பயன்படுத்தலாம். மூன்று செக்கன் எடுத்து, பிரேம் பிரேமாக நகர்த்தி, எந்தெந்தப் பிரேமில் படம் மாறுகிறது என்று தாளில் குறியுங்கள். ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் ஒரே படம் மூன்று பிரேமுக்கு நிற்பதை நிறையக் காண்பீர்கள். செக்கனுக்கு 8 படம். சில இடத்தில் வாய் மட்டும் அசையும். எங்கே மிச்சம் பிடித்தார்கள், எங்கே செலவழித்தார்கள் என்பது அந்தத் தாளில் தெரியும்.

கணினியே இல்லாதவர்களுக்கு அட்டை இருக்கிறது. 1926இல் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையை வெட்டி, மூட்டுக்கு மூட்டு கட்டி, ஒளியை அடியிலிருந்து கொடுத்து முழுநீளப் படமே எடுத்தார். தோற்பாவை பார்த்த சமூகத்துக்கு இது அந்நியமில்லை. 10 செக்கனுக்கு 120 படம். போனை அசையாமல் கட்டுங்கள். ஃபோக்கஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் உங்கள் கை உள்ளே வந்து போகும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும். யன்னல் வெளிச்சம் வேண்டாம், மேகம் நகர்ந்தால் படம் மினுங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் செக்கனுக்கு 100 தரம் துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் அது படத்தில் தெரியாது.

வேலைக்கு அனுப்பும் ரீல் (உங்கள் வேலைகளின் தொகுப்புக் காணொளி) ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், நல்லது முதலில் வரட்டும். குழுவாகச் செய்த வேலையென்றால் உங்கள் பங்கு எது என்று திரையிலேயே எழுதுங்கள். முடிந்த படத்தை நேராக எம்பி4 காணொளியாக ரெண்டர் செய்யாதீர்கள் (ரெண்டர் என்பது கணினி இறுதிப் படத்தை உருவாக்குவது). நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு பெரும்பாலும் திறக்காது, முழு இரவும் வீண். பிஎன்ஜி படங்களாக ரெண்டர் செய்து கடைசியில் கோத்தால், எந்தப் பிரேமில் விட்டதோ அங்கிருந்து தொடரலாம். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.