அந்தக் குத்தைக் கண்டுபிடித்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1930களின் மலிவு பட்ஜெட் கௌபாய் படங்கள் சினிமாவுக்கு வரவா, வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வரவுதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "அரைத்த மாவையே அரைத்தார்கள்" என்றார். கதையைப் பொறுத்தவரை சரி. நிலத்தைப் பிடுங்கும் வில்லன், எங்கிருந்தோ வரும் நாயகன், கடைசியில் ஒரு குதிரைத் துரத்தல். ஆனால் அந்தப் படங்களில் வேலை செய்தவர்கள் கற்றுக்கொண்டது என்ன?

1930இல் 70 மி.மீ.யில் பிரம்மாண்டமாக எடுத்த 'தி பிக் டிரெய்ல்' ஓடவில்லை. அதன் நாயகன் ஜான் வெய்ன் சின்னப் படங்களுக்கு வந்து சேர்ந்தார். 1933 முதல் 1935 வரை 'லோன் ஸ்டார்' வரிசையில் மட்டும் 16 படங்கள். அங்கேதான் யாக்கிமா கனட்டும் இருந்தார்; ரோடியோ என்ற, முரட்டுக் குதிரைகளை அடக்கும் போட்டிகளின் வீரர், சண்டைக் கலைஞர். அதுவரை திரையில் குத்துச்சண்டை என்றால் தோளில் நிஜமாகவே குத்துவார்கள். பார்த்தால் பொய் என்று தெரிந்துவிடும். கனட், வெய்ன், இயக்குநர் ராபர்ட் பிராட்பரி மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். கேமராவை ஒருவரின் தோளுக்குப் பின்னால் வைத்தார்கள். முஷ்டி தாடையைத் தொடாமல் முகத்துக்கு முன்னால் கடந்து போகும். அதே நொடியில் எதிராளி தலையை வெடுக்கென்று திருப்புவார். சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். இன்றைக்கும் திரையில் குத்து விழுவது இப்படித்தான், நடுவர் அவர்களே!

குதிரையின் காலில் கம்பி கட்டி இடறவைத்த கொடுமையைச் சொன்னார்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் பெரிய ஸ்டுடியோக்களும் அதைத்தானே செய்தன?

அந்தப் பெரிய ஸ்டுடியோக்கள் கறுப்பின நடிகர்களுக்கு வேலைக்காரன் வேஷம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, 1937இல் ஹெர்ப் ஜெஃப்ரீஸைப் பாடும் கௌபாயாகக் குதிரையில் ஏற்றியது 'ஹார்லெம் ஆன் த ப்ரெய்ரி' என்ற சின்னப் படம். இதையும் வீண் கணக்கில் எழுதுவீர்களா?

1939இல் 'ஸ்டேஜ்கோச்' என்ற கௌபாய் படம் வந்தது. அதில் குதிரை வண்டியை இழுத்து ஓடும் குதிரைகளுக்கு நடுவே விழுந்து, வண்டி முழுவதும் தன்மேல் கடந்து போகவிட்டவர் அதே கனட். 1959இல் 'பென்-ஹர்' தேர்ப் பந்தயத்தைப் படமாக்கியதிலும் அவர் கை இருந்தது. சண்டைக் கலைஞர்களுக்குப் பாதுகாப்புக் கருவிகள் உருவாக்கியதையும் சேர்த்து 1967இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அந்த வித்தையை அவர் எந்தப் படங்களில் பழகினார் என்று அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.