ரிங்கு, தி ரிங்: அந்தக் கேசட்டை யாருக்குக் காட்டுனாங்க?

ஒரு தம்பி கேட்டிருக்காரு: "சார், போன தடவை பேய்ப்படம் பத்திப் பேசுனப்ப ஜப்பான் 'ரிங்கு'தான் ஒசத்தின்னீங்க. நான் ரெண்டையும் பாத்தேன், அமெரிக்கப் படம்தான் எனக்குப் பயமா இருந்துச்சு. அப்ப ரீமேக்தானே ஜெயிச்சிருக்கு?" ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்னை விடவே இல்ல.

தம்பி சொல்றது நெசம். 2002ல கோர் வெர்பின்ஸ்கி எடுத்த 'தி ரிங்'ல தூக்கிவாரிப் போடுற இடம் நிறைய இருக்கு. கப்பல்ல ஒரு குதிரை மிரண்டு ஓடிக் கடல்ல விழும் பாருங்க, அது ஒரிஜினல்ல கிடையவே கிடையாது. அந்த ஒரு காட்சிக்கே அந்தப் படத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

1998ல ஹிடியோ நகாட்டா எடுத்த 'ரிங்கு' அடக்கமான படம். அதுல சடாகோங்கிற பேயா வந்தவங்க ரியே இனோவோ, கபுகிங்கிற ஜப்பான் மரபு நாடகத்துல பயிற்சி உள்ளவங்க. அவங்களைப் பின்னாடி நடக்கவெச்சுப் படம் புடிச்சு, அதைத் திருப்பி ஓட்டியிருக்காங்க. அதான் அந்த நடை மனுஷ நடை மாதிரியே இருக்காது. முகத்தைக் காட்ட மாட்டாங்க, முடிக்குள்ளேருந்து ஒரே ஒரு கண்ணு. அமெரிக்காக்காரங்க அவங்க படத்துப் பேய் சமாராவோட முகத்தைக் காட்டிட்டாங்க. நான் எத்தனையோ தடவை சொன்னதுதான், இன்னொரு தடவையும் சொல்றேன்: காட்டிட்டா பயம் தியேட்டரோட போச்சு. மறைச்சுவெச்சா வீடு வரைக்கும் கூட வரும்.

எங்க மாமா கேசட் கடை வெச்சிருந்தாரு. டிவியும், வீடியோ கேசட் ஓட்டுற டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்குப் போகும். கல்யாணக் கேசட்டுக்கு ரெண்டு டெக்கை ஒயர் போட்டு இணைச்சுக் காப்பி போடுவாரு. காப்பியிலேருந்து காப்பி எடுத்தா பொண்ணு மாப்பிள்ளை முகமெல்லாம் கலங்கிப்போகும், பட்டுப்புடவைச் செவப்பு ஓரத்துல வழிஞ்சு நிக்கும். அதைப் பாத்து வளந்தவன் நான். என்கிட்ட வந்து, "இந்தக் கேசட்டைப் பாத்தா ஏழாவது நாள் சாவு, காப்பி போட்டு இன்னொருத்தருக்குக் காட்டுனா பொழைச்சுக்கலாம்"னு ஒரு படம் சொன்னா எப்படி இருக்கும்!

அதனால தம்பி, எது ரொம்பப் பயமுறுத்துச்சுங்கிறதை விடுங்க. காப்பி போட்ட கேசட்டை யாருக்குக் காட்டுனாங்க? நீங்க இதைக் கேட்டிருக்கணும்னு எனக்கு ஆசை. படம் பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கங்க, முடிவைச் சொல்லப்போறேன்.

அமெரிக்கப் படத்துல, கேசட்டைப் பாத்துட்ட பையனைக் காப்பாத்த அம்மா காப்பி போடுறப்ப அவன் கேக்குறான், நாம காட்டுற ஆளுக்கு என்னம்மா ஆகும்னு. அம்மாவா நடிக்கிற நயோமி வாட்ஸ் வாயே திறக்க மாட்டாங்க. நல்ல முடிவுதான். ஆனா அந்த ஆளு யாரோ ஊர் பேர் தெரியாத ஆளு.

ஜப்பான் படத்துல அம்மா ரெய்கோ, பையன் யோய்ச்சி. ரெய்கோ காரை ஓட்டிக்கிட்டே போன் பண்றாங்க. பக்கத்து சீட்டுல டெக். போன் யாருக்கு? பெத்த அப்பாவுக்கு. "அப்பா, யோய்ச்சிக்காக ஒண்ணு கேக்கணும்"ங்கிறாங்க. அந்தப் பையன் கேசட்டைப் பாத்ததே தாத்தா வீட்டுல தங்கியிருந்தப்பதான். இப்ப அவனைக் காப்பாத்த அதே தாத்தா.

ரெண்டாவது தடவை பாத்தப்ப சடாகோ டிவியை விட்டு வெளிய வந்ததைத் தாங்கிக்கிட்டேன். அந்த போன்ல "அப்பா"ன்னு கூப்பிட்ட உடனே படத்தை நிறுத்திட்டேன். எங்கப்பா பக்கத்து ரூம்ல தூங்கிக்கிட்டிருந்தாரு.