சோலிகர்களின் சருகு நெருப்பு

பெங்களூர்த் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். தெருவோரச் சருகைக் கூட்டிக் கொளுத்துவோரை நாம் கடிந்துகொள்கிறோம். புகையில் இருமுகிற நகரத்தில் அது நியாயமே. ஆனால், நமக்குத் தெற்கே சாமராஜநகர் மாவட்டத்துப் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகப் பழங்குடியினர், காடு செழிக்க வேண்டும் என்பதற்காகவே தலைமுறைகளாகச் சருகுக்கு நெருப்பு வைத்து வந்தவர்கள்.

அதைத் 'தரகு பெங்கி', அதாவது சருகு நெருப்பு, என்பார்கள். கோடை முற்றுவதற்கு முன், மண்ணில் ஈரம் இருக்கும்போதே வைக்கப்படும் அந்த நெருப்பு, உயர எழாமல் காய்ந்த புல்லையும் சருகையும் மட்டும் தின்றுவிட்டு அடங்கிவிடும். பின்னர் அங்கே துளிர்க்கும் இளம்புல்லுக்கு மானும் காட்டெருமையும் வரும். 1974இல் அந்த மலை சரணாலயம் ஆயிற்று. நெருப்புக்குத் தடை வந்தது.

அதன்பின் பெருகியது உண்ணிச்செடி. நம் காலி மனைகளின் ஓரத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்குமே, அதே செடிதான். ஆங்கிலேயர் அழகுக்காகக் கொண்டுவந்தது. (அழகு என்று இன்றும் தொட்டியில் வளர்ப்போர் உண்டு, அவர்களுடன் எனக்கு நெடுநாள் வழக்கு!) நம் ஜக்கூரில் இயங்கும் ஏட்ரீ என்னும் சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 1997இல் அம்மலையின் ஆய்வுத்திடல்களில் 41 விழுக்காட்டில் காணப்பட்ட இச்செடி 2008இல் 81 விழுக்காட்டில் பரவியிருந்ததைப் பதிவு செய்தனர். நெல்லி மரங்களைப் புல்லுருவி என்னும் ஒட்டுண்ணிச் செடி பற்றுவதற்கும் நெருப்பு நின்றதே காரணம் என்று சோலிக முதியோர் ஆய்வாளர்களிடம் எடுத்துரைத்தார்கள். உண்ணிச்செடிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும், காட்டில் பிறந்து வளர்ந்தவரின் சொல்லைக் கேட்பதற்கே நமக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. மீண்டும் சொல்கிறேன், எல்லா நெருப்பும் ஒன்றல்ல: தை, மாசியில் வைக்கும் சிறு நெருப்பு வேறு, வெயில் உச்சத்தில், உலர்ந்த உண்ணிப் புதரைப் பற்றிக்கொண்டு மர உச்சிக்கு ஏறும் காட்டுத்தீ வேறு.

மணி பார்க்கச் சொல்கிறார்கள். தேனெடுப்பைப் பற்றிப் பேச நினைத்ததை விட்டுவிடுகிறேன். வன உரிமைச் சட்டம் பற்றி மட்டும் ஒரு சொல். 2006ஆம் ஆண்டின் அச்சட்டப்படி, 2011இல் சோலிகக் கிராம சபைகள் சமுதாய வன உரிமையைப் பெற்றன; அதற்குள் அந்தச் சரணாலயம் புலிகள் காப்பகமாகியிருந்தது; புலிகள் காப்பகத்துக்குள் அவ்வுரிமை கிடைத்தது நாட்டில் அதுவே முதல் முறை. தேனும் நெல்லியும் சேகரிக்கலாம். சருகு நெருப்புக்கு இன்னும் தடைதான். கோடையில் தீக்காவலுக்கு வனத்துறை வேலைக்கு எடுப்பதோ சோலிகர்களைத்தான். நன்றி, வணக்கம்.