தங்கம் சுமந்த குரூசர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1940 ஜூன் 18. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்து நிற்கிறது. அதன் வயிற்றில் பிரான்சு நாட்டு வங்கியின் தங்கம், 250 டன்னுக்கும் மேல். கப்பல் பிரெஸ்ட் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டபோது பிரான்சு போரிட்டுக்கொண்டிருந்தது. கரை சேர்வதற்கு முதல் நாள்தான் புதிய பிரதமர் மார்ஷல் பெத்தேன், போரை நிறுத்தியாக வேண்டும் என்று வானொலியில் சொன்னார். கரை சேர்ந்த அன்றே லண்டனிலிருந்து பிரெஞ்சு ஜெனரல் டி கால், போர் முடியவில்லை என்றார். இந்த இரண்டில் எது தாய்நாட்டின் குரல்? கப்பலின் கேப்டன் பத்தே சில நாட்களுக்குள் அதை முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

கப்பலின் பெயர் எமில் பெர்தின். இலகுரகக் குரூசர், அதாவது வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல். எதிரிப் போர்க்கப்பலோடு நேருக்கு நேர் மோதிய கதை அதன் வரலாற்றில் கிடையாது. பிறகு ஏன் அதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். அது சுட்டதைவிடச் சுமந்ததும் ஓடியதும்தான் அதன் சரித்திரம் என்பதால்தான்.

முதலில் கட்டமைப்பு. போர்க்கப்பல்களின் எடைக்கு வரம்பு கட்டிய 1922 வாஷிங்டன் ஒப்பந்தத்துக்குப் பிறகு கடல் வல்லரசுகள் ஒவ்வொரு டன்னையும் எண்ணிக் கப்பல் கட்டிய காலம் அது. பிரெஞ்சுக் கடற்படைக்கு இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யும் கப்பல் தேவைப்பட்டது: தன்னுடைய அதிவேக நாசகாரிக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கிச் செல்ல வேண்டும்; எதிரியின் கடல்வழியில் இருட்டோடு போய், கப்பல்களைத் தகர்க்கும் வெடிகளான கடற்கண்ணிகளை விதைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். செயிண்ட் நசேரில் 1931இல் அடிமரம் போட்டு, 1933 மே மாதம் நீரில் இறக்கினார்கள். எடை ஏறக்குறைய 5,900 டன், நீளம் 177 மீட்டர். கண்ணிகள் 200 வரை ஏற்றலாம். 152 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஒன்பது. கூண்டுக்கு மூன்றாக மூன்று சுழல் கூண்டுகள்.

இத்தனையும் இந்த எடைக்குள் எப்படி அடங்கியது? கவசத்தைக் குறைத்தார்கள். உடலை இழைத்து இழைத்து மெலிதாக்கினார்கள். பலன், சோதனை ஓட்டத்தில் மணிக்கு 39 கடல் மைலுக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 73 கிலோமீட்டர் வேகம். விலையும் இருந்தது. ஒன்பது பீரங்கிகளும் ஒருசேர வெடித்தால் அந்த மெல்லிய உடல் தாங்கவில்லை. பின்னால் வலுவூட்ட வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் கப்பலுக்குப் பெயர் கொடுத்த மனிதரைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. லூயி எமில் பெர்தின் கப்பல் கட்டும் பொறியாளர். 1886 முதல் 1890 வரை ஜப்பானில் தங்கி அந்நாட்டின் புதிய கடற்படையை உருவாக்க உதவியவர். குரே, சசெபோ கடற்படைத் தளங்களில் அவர் கை இருக்கிறது. சீனாவிடம் இருந்த பெரிய கவசக் கப்பல்களுக்கு ஈடாக, 4,200 டன் கப்பலில் 320 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றை ஏற்றினார். அந்தப் பீரங்கியைப் பக்கவாட்டில் திருப்பினால் கப்பலே அந்தப் பக்கம் சாய்ந்தது. சிறிய உடலில் பெரிய பீரங்கி என்ற அதே ஆசை, அவர் பெயர் தாங்கிய கப்பலிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே கற்ற பாடத்தைக் கொண்டுதான் அடுத்து லா கலிசோனியேர் வகைக் குரூசர்கள் ஆறையும் தடித்த கவசத்தோடு கட்டினார்கள். அதே ஒன்பது பீரங்கிகள், 7,600 டன். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த இலகுரகக் குரூசர்களில் அவற்றுக்கு இடம் உண்டு.

போர் தொடங்கியது. போலந்து வீழ்ந்துகொண்டிருந்தபோது அந்நாட்டுத் தங்கம் ருமேனியா, துருக்கி வழியாகப் பெய்ரூட் வந்து சேர்ந்தது. 1939 செப்டம்பரில் அதன் பெரும்பகுதியைத் தூலோனுக்குக் கொண்டுவந்தது எமில் பெர்தின். அடுத்த ஏப்ரலில் நார்வேப் போர்முனை. நாம்சோஸ் அருகே ஜெர்மன் விமானத் தாக்குதலில் அடிபட்டுத் திரும்பியது. பழுது பார்த்த கையோடு மீண்டும் தங்கம், இம்முறை சொந்த நாட்டுத் தங்கம். மே மாதம் ஒரு நடை ஹாலிஃபாக்ஸ் போய்வந்தது. ஜூனில் இரண்டாம் நடை. அதில்தான் நாம் தொடங்கினோம்.

250 டன் தங்கம் எவ்வளவு இடம் அடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டடிக்கு எட்டடி அறை ஒன்றில், எட்டடி உயரத்துக்குள் அடங்கிவிடும். அந்தச் சின்ன அறைக்காக கனடா அதிகாரிகள் கப்பலைப் போகவிடாமல் நிறுத்தப் பார்த்தார்கள். பிரிட்டனின் டெவன்ஷயர் குரூசர் பக்கத்தில் காவல் காத்தது. பத்தே தன் கடற்படைத் தலைமையிடம் கேட்டார். கரீபியன் கடலில் பிரான்சின் வசமிருந்த மார்ட்டினிக் தீவுக்குப் போ என்று உத்தரவு வந்தது. ஜூன் 21 அன்று புறப்பட்டார். டெவன்ஷயர் பின்தொடர்ந்தது. எட்டு 203 மில்லிமீட்டர் பீரங்கிகள் கொண்ட அந்தக் கப்பலுக்கு முன்னால் எமில் பெர்தினின் கவசம் எம்மாத்திரம்! ஆனால் டெவன்ஷயரின் வேகம் 32 கடல் மைல். கண்ணி விதைத்துவிட்டு ஓடுவதற்காகக் கட்டிய கால்கள், அதுவரை தோழனாக இருந்தவனிடமிருந்து தப்பி ஓடப் பயன்பட்டன. மூன்று நாளில் மார்ட்டினிக்கின் தலைநகரான ஃபோர் தெ ஃபிரான்சில் நங்கூரம் போட்டது. தங்கம் தெசே கோட்டைக்குள் போயிற்று.

பத்தே செய்தது சரியா? அவர் துரோகி என்று சொல்ல நான் தயாராக இல்லை. உத்தரவு கொடுக்கும் இடம் எது என்பதே குழம்பிப்போன வாரத்தில், ஒப்படைத்த பொருளை அவர் காத்துக் கொடுத்தார். ஆனால் அந்தத் தீவு மக்கள் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுப் பேரரசின் மூலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை. நம் பக்கத்துப் புதுச்சேரி 1940 செப்டம்பரிலேயே டி கால் பக்கம் நின்றது. மார்ட்டினிக், அட்மிரல் ரோபேரின் ஆட்சியில் 1943 வரை, ஜெர்மனியோடு போரை நிறுத்திக்கொண்ட பெத்தேனின் விஷி அரசின் கீழ் கிடந்தது. சுற்றிலும் கடல் முற்றுகை. கோட்டைக்குள் பொன், வெளியே பசி. அந்த ஆண்டுகளை இன்றும் அங்கே கிரியோல் மொழியில் 'ரோபேர் காலம்' என்ற பொருளில் 'அன் தான் ரோபே' என்றுதான் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்களும் அந்தத் தீவில் வாழ்ந்தவர்கள். இளைஞர்கள் இரவோடு இரவாகப் படகேறி டொமினிக்கா, செயிண்ட் லூசியா தீவுகளுக்குப் போய் டி கால் படையில் சேர்ந்தார்கள். துறைமுகத்திலோ, கடற்படையின் வேகமான கப்பல்களில் ஒன்று நின்ற இடத்தில் நின்றது. 1942 மே மாதம் அமெரிக்க நெருக்குதலால் அதை முறைப்படி முடக்கியும் விட்டார்கள்.

1943 ஜூலையில் தீவு கட்சி மாறியது. கப்பல் பிலடெல்பியா போய்ப் புதிய விமான எதிர்ப்புப் பீரங்கிகளோடு வெளியே வந்தது. 1944 ஆகஸ்டில் தெற்குப் பிரான்சில் நேசப்படைகள் இறங்கியபோது சொந்தக் கரையை நோக்கிச் சுட்ட கப்பல்களில் அதுவும் ஒன்று. சொந்த மண்ணை மீட்கச் சொந்த மண்ணின்மேலேயே குண்டு வீச வேண்டியிருந்த மாலுமிகளின் நெஞ்சை நினைத்துப் பாருங்கள்.

இன்னும் ஒரு காட்சி. 1946 மார்ச் 24, வியட்நாமின் ஹா லாங் விரிகுடா. கடல் விமானத்தில் வந்திறங்கிய ஹோ சி மின், எமில் பெர்தினின் மேல்தளத்தில் காலடி வைக்கிறார். வரவேற்பவர் பிரெஞ்சு உயர் ஆணையர் அட்மிரல் தார்ஜான்லியூ. பிரெஞ்சுக் கப்பல்கள் அணிவகுத்து வணக்கம் செலுத்துகின்றன. விருந்தாளிக்கு மரியாதையாகவும் இருந்தது, எச்சரிக்கையாகவும் இருந்தது அந்த அணிவகுப்பு. அந்த டிசம்பரிலேயே ஹனோயில் போர் மூண்டது.

நாடு திரும்பிய கப்பலைப் பீரங்கிப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்கள். தன் பீரங்கிகளின் அதிர்ச்சியையே தாங்கத் திணறிய உடலின்மேல் நின்று, இளம் மாலுமிகள் சுடக் கற்றுக்கொண்டார்கள். 1959இல் அதை உடைத்து இரும்பாக்கினார்கள்.

நன்றி.