வாரிசு நீங்கள்தான் என்று மெயில் வந்ததா? முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வந்த ஒரு மெயில் எனக்கு அவ்வளவு எரிச்சலைக் கிளப்பிவிட்டது. யாரோ ஒருவர் விமான விபத்தில் இறந்துவிட்டாராம், வாரிசே இல்லையாம், வங்கியில் 1.25 கோடி டாலர் கிடக்கிறதாம். என் குடும்பப் பெயரும் அவர் பெயரும் ஒன்றாம், அதனால் வாரிசாக என்னைக் காட்டிவிடலாமாம். எழுதியவர் வழக்கறிஞராம். மரணத்தை வைத்துப் பிழைக்கும் இந்தக் கூட்டத்தை எனக்கு அறவே பிடிக்காது.

பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் மெயிலைப் படிப்பதற்கு முன்பு அதன் தலைப்பகுதியைத்தான் பார்ப்பேன், அதாவது யார் அனுப்பியது, பதில் எங்கே போகும் என்ற விவரங்கள். ஆள் அங்கேயே மாட்டிக்கொண்டார்! அனுப்புநர் இடத்தில் ஒரு சட்ட நிறுவனத்தின் முகவரி. 'ரிப்ளை டு' இடத்தில், அதாவது நாம் எழுதும் பதில் போய்ச் சேரும் முகவரியில், யார் வேண்டுமானாலும் இரண்டு நிமிடத்தில் தொடங்கக்கூடிய இலவச முகவரி. எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான். அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போட்டுவிடலாம். ஆனால் நாம் எழுதும் பதில் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டுமே? அதற்குத் தன் சொந்தப் பெட்டியைக் காட்டித்தானே ஆக வேண்டும்! கணினியில் ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து, ரிப்ளை பட்டன் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி, 'ஷோ ஒரிஜினல்' போங்கள், எல்லாம் தெரியும்.

ஒரு நிமிடம், முக்கியமானதை விட்டுவிட்டேன். ரிப்ளை டு வேறாக இருந்தாலே மோசடி என்று முடிவு கட்டாதீர்கள், நல்ல செய்திமடல்களிலும் அப்படி இருக்கும். கோடிக்கணக்கில் சொத்து என்று பேசுகிறவர் இலவச முகவரிக்குப் பதில் கேட்டால்தான் சந்தேகம். அதோடு 'அன்புள்ள பயனாளி' என்று ஆரம்பிக்கிறார். என் குடும்பப் பெயர் தெரிந்தவருக்கு என் பெயர் தெரியாதா?

கதை ஏன் இவ்வளவு நம்ப முடியாததாக இருக்கிறது என்று பலர் கேட்கிறீர்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சந்தேகப்படுகிறவர்கள் முதலிலேயே விலகிவிட வேண்டும், எளிதில் நம்புகிறவர்கள் மட்டும் பதில் எழுத வேண்டும், வடிகட்டும் வேலையைக் கதையே செய்துவிடுகிறது என்கிறார்.

பதில் போட்டால் பதிவுக் கட்டணம், அப்புறம் வரிச் சான்று, அப்புறம் பரிமாற்றக் கட்டணம். ஒவ்வொன்றும் 'இதுதான் கடைசி'. பாஸ்போர்ட் நகலும் கேட்பார்கள், அதை வைத்து உங்கள் பெயரில் வேறு மோசடி நடக்கும். பணம் போன பிறகு 'மீட்டுத் தருகிறோம்' என்று இன்னொருவர் வருவார். அவர் அதே கும்பலாகவும் இருக்கலாம், அவருக்கும் கட்டணம் கட்டாதீர்கள்.

நான் பதில் எழுதவில்லை, ஃபிஷிங், அதாவது ஏமாற்று மெயில் என்று ஜிமெயிலில் புகார் செய்துவிட்டேன். உங்களுக்கு வந்திருந்தால் அதன் முதல் வரியை மட்டும் கமென்ட்டில் போடுங்கள், முகவரியோ லிங்க்கோ வேண்டாம்.