டிவி மூடியும் உப்புத் தண்ணீரும்

(தக்கலையில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, போன வருஷமும் இதே மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, மைக் செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம்.

மின்சாதனக் கழிவிலுள்ள பிளாஸ்டிக்கைப் பற்றி மூன்று விஷயம்: எங்கே போகிறது, எப்படிப் பிரிப்பது, பள்ளிகள் என்ன செய்யலாம். அதற்கு முன் ஒரு பழமொழி. தன் வினை தன்னைச் சுடும். ஓட்டப்பம் வீட்டைச் சுடும். வழக்கமாகக் கேட்பவர்கள் சிரிக்கிறீர்கள். சரி, சிரியுங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு அம்மச்சி. வீட்டில் பழைய டப்பா டிவி. பழைய சாமான் வாங்கும் ஆக்கர்காரர் வந்தார்.

"எவ்வளவு தருவே மக்கா?"

"நூறு ரூபாய், அம்மச்சி."

"நூறா? இதை வாங்க ரெண்டு ஆட்டை வித்தேன்!"

அரைமணி நேரப் பேரத்தில் நூற்றைம்பது ஆனது. அம்மச்சிக்கு ஜெயித்த சந்தோஷம். ஆக்கர்காரரோ முற்றத்திலேயே உட்கார்ந்து, படக்குழாயின் கழுத்தில் சுற்றியிருந்த செம்புச் சுருளை உருவினார், சர்க்யூட் போர்டைக் கழற்றினார், குழாயைச் சாக்கில் கட்டினார். பின்பக்க மூடியை மாமரத்தடியில் சாய்த்து, "இது யாருக்கும் வேண்டாம், நீங்களே வெச்சுக்கிடுங்க" என்று போய்விட்டார்.

மூடி கோழிக்கூடாயிற்று. காற்றோட்டத்துக்குத் துளைகூட உண்டே! பத்மநாபபுரம் அரண்மனைக்கு அடுத்தது இதுதான் என்றானாம் பேரன். அப்புறம் ஐப்பசி மழை. விறகெல்லாம் நனைந்துபோக, மருமகள் மூடியை உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்தாள். லேசில் பற்றவில்லை. பற்றியதும் கரும்புகை. கோழிகள் ஓட, அக்கம்பக்கத்தார் ஓடிவர, அம்மச்சி இருமிக்கொண்டே சொன்னாராம்: "அந்த அம்பது ரூபாய்க்காக அவன் செய்வினை வெச்சிட்டான்!"

வினை என்னவோ மூடிக்குள்தான் இருந்தது. டிவி சூடாகும் என்பதால், தீப்பிடிக்காமலிருக்க அதன் பிளாஸ்டிக்கில் புரோமின் சேர்மங்களைக் கலந்தார்கள். எரித்தால் டையாக்சின், ஃபியூரான் போன்ற நஞ்சு கிளம்பும். அந்தச் சேர்மங்களில் ஒன்றான டெக்காபிடிஇ, லேசில் அழியாத நஞ்சுகளை ஒழிக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2017இல் ஏறியது. எரிக்காமல் உருக்கி விற்றாலும் வம்புதான். கருப்புக் கரண்டியாகவும் பொம்மையாகவும் அந்தப் புரோமின் நஞ்சு வீட்டுக்குத் திரும்பும். தன் வினை தன்னைச் சுடும்.

ஆக்கர்காரரைக் குறை சொல்லாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளிலும், மறுசுழற்சி நடந்ததற்கு உற்பத்தியாளர் காட்ட வேண்டிய சான்றிதழின் கணக்கு தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியத்தை வைத்துத்தான். பிளாஸ்டிக்கை அங்கேயும் மாமரத்தடியில்தான் சாய்த்திருக்கிறார்கள்.

பிரிக்க வழி உண்டு. நொறுக்கி நல்ல தண்ணீரில் போட்டால் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் மிதக்கும். மூழ்கியதை அளவாக உப்புக் கலந்த தண்ணீரில் போட்டால், புரோமின் கலக்காத ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் வகைகள் மேலே வரும். புரோமின் கலந்தது கனமானதால் பெரும்பாலும் அடியில் தங்கும். அதைத் தனியே ஒதுக்கி, பாதுகாப்பாக அழிக்க அனுப்ப வேண்டும். உப்புக்கு நாம் எங்கே போக? நம் மாவட்டத்துப் புத்தளத்திலேயே உப்பளம் இருக்கிறது!

அதனால்தான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்: மாவட்டத்துக்கு ஒரு பிரிப்புக் கொட்டகை வேண்டும். அதில் ஆக்கர் தொழிலாளிகளுக்கே வேலை, கையுறை, அடையாள அட்டை, மூடிக்கும் கிலோவுக்கு ஒரு விலை. விலை இருந்தால் எவரும் அடுப்பில் வைக்க மாட்டார்கள். தலைவர் மணியைப் பார்க்கிறார். பள்ளிகளைப் பற்றி அடுத்த ஆண்டு.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. திங்கள்கிழமை நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறோம். வட்டாட்சியர் அவர்கள் கையெழுத்துப் போட முடியாது, தெரியும். அவர் வீட்டார் போடலாம்.